யாரும் பெயர் வெட்டிக்கொள்ளாத பாத்திரம்

வீட்டில் எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். படுத்த இடத்திலிருந்தே குதிருக்குப் பின்னால் பார்க்கச் சொன்னேன், பரணில் ஏறிப் பார்க்கச் சொன்னேன், வேலையாட்களைத் திட்டித் தீர்த்தேன். "மூக்கு அடைச்சுப் போச்சா உங்களுக்கெல்லாம்? குடலைப் புடுங்குது, ஒருத்தருக்கும் தெரியலியா?" என்று கத்தினேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்க்கப் பிறந்த வீட்டிலிருந்து வந்திருந்த அண்ணிதான், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"அலமேலு, எலி இல்லடி. உன் காலு."

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் வண்டி குடை சாய்ந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எலும்பு கட்டுகிறவர் வந்து அதை உள்ளே தள்ளி, பச்சிலையை முட்டை வெள்ளையில் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். தோல் கிழியாத முறிவுக்கு அந்தக் கட்டு கேட்கும். கிழிந்த காலுக்கு அது மூடி போட்ட சாக்கடை. என் உடம்பு நாறுவது எனக்கே தெரியாமல், இல்லாத எலியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது எழுந்து நடமாட முடியாமல் படுத்திருக்கலாம். அப்படிப் படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பூசி மெழுகி எழுத எனக்கு வராது. அருவருப்பானதை அருவருப்பாகவே சொல்வேன். மூக்கைப் பொத்திக்கொண்டாவது கடைசி வரை படியுங்கள்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மிராசுதார்களும் கடைக்காரர்களும் கமிட்டி போட்டு நடத்திய தரும ஆஸ்பத்திரிக்கு என்னைக் கயிற்றுக் கட்டிலோடு கொண்டு போனார்கள். தாழ்வாரத்தில் தூக்கிக்கொண்டு போகும்போது, அந்த வலியிலும் என் கண் எழுத்துக்களைப் படித்துக்கொண்டே போனது. வாசல் வளைவில் ஒரு பெயர். தூணில் ஒரு பெயர். பெஞ்சு, எடை பார்க்கும் யந்திரம், நிலைக்கண்ணாடி, சுவரில் மாட்டிய சாமி படம், எல்லாவற்றிலும் 'உபயம்' என்று போட்டு ஒரு பெயர். கோயிலில் விளக்குக்கும் மணிக்கும் பெயர் வெட்டிப் பழகிய கைகள் ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்கவில்லை.

பெண்கள் வார்டில் எனக்குக் கிடைத்த கட்டில் என் மாமனார் பெயரில் என் வீட்டுக்காரர் கொடுத்தது. தலைமாட்டுத் தகட்டில் 'வைகுண்டப் பதவி அடைந்த' என்று பெரிய எழுத்தில் முதல் வரி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மாமனார் பெயர். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரிகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் முதல் வரியோடு நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். "நான் இன்னும் போகலடி, அது எங்க மாமனாரு" என்று ஒவ்வொருத்திக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

கடிகாரக் கதை இதைவிடக் கேவலம். என் வீட்டுக்காரருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பங்காளி தன் அப்பா பெயரில் வார்டின் கிழக்குச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினார். இவர் விடுவாரா? அதைவிட ஒரு சாண் நீளமான கடிகாரத்தைத் தன் அப்பா பெயரில் மேற்குச் சுவரில் மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பேரும் வந்து அவரவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்கள். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கிழக்கே அடித்து ஓய்ந்த மணியை மேற்கே மறுபடியும் அடிக்கும். காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கு அந்த வார்டில் ஒரு நாள் இரண்டு நாளாகக் கழியும்.

இத்தனை பெயர்களுக்கு நடுவே பெயரே இல்லாத பொருள் ஒன்று இருந்தது. அது பெட்பேன் (படுத்தபடியே மலசலம் கழிக்க இடுப்புக்கு அடியில் வைக்கும் தட்டையான பாத்திரம்). வார்டு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. பீங்கான் பூச்சு உதிர்ந்து, உதிர்ந்த இடமெல்லாம் துரு ஏறி, விளிம்பு தோலைக் கீறும். அதைக் கழுவ ஒரு தொட்டி. அந்தத் தொட்டித் தண்ணீரைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போனேன். வேண்டாம், விடுங்கள்.

ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் சேர்த்துத் தோட்டி வேலைக்கு ஒருத்திதான், அஞ்சலை. அவள் எத்தனை முறை ஓடுவாள்? ஒருத்திக்கு வைத்ததைக் கொட்டி, தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட அடுத்தவளுக்குக் கொண்டு வருவாள். விளிம்பில் முந்தினவளுடையது ஒட்டியிருக்கும்.

வார்டின் கோடியில், பாயில் ஒரு கூலிக்காரப் பெண் சீதபேதியோடு (ரத்தமும் சளியுமாகப் போகும் பேதி) கிடந்தாள். கட்டில் காலியாக இருந்தும் அவளுக்குப் பாய்தான். கட்டில் கொடுத்த புண்ணியவான்கள் யார் யார் அதில் படுக்கலாம் என்றும் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் பெட்பேன் ஒன்றுதானே? கட்டிலுக்குச் சாதி பார்த்தவர்கள் அதற்குப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வைத்ததைத்தான் எனக்கும் வைத்தார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவள் மேல் வந்த குமட்டலா, தொட்டித் தண்ணீர் மேல் வந்ததா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும்தான்.

பக்கத்துக் கட்டிலில் பிரசவமாகி, தையல் போட்டுப் படுத்திருந்த சின்னப் பெண்ணுக்கும் அதே பாத்திரம். அவளுக்கும் சீதபேதி கண்டது. ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், அவள் மாமியார் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

டாக்டர் திருச்சிப் பக்கத்து இளவயதுக்காரர். என் கட்டைப் பிரித்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அதற்காகவே அவர் நன்றாக இருக்க வேண்டும். காலைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கும்மா. சல்ஃபான்னு ஒரு மாத்திரை வந்திருக்கு. அதுக்குக் கட்டுப்பட்டா கால் தங்கும். இல்லேன்னா முழங்காலுக்கு மேலே எடுத்துடணும்."

சல்ஃபா (உடம்புக்குள் சீழ் பரவாமல் தடுக்கும் மருந்து) அந்த உலகச் சண்டைக்காலத்தில் குதிரைக் கொம்பு. ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்கெங்கோ சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த டப்பாவிலும் அவர் பெயர் ஒட்டியிருந்தது. இருக்கட்டும். அந்தப் பெயரை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். அவர் கொடுத்த தருமம் என் காலுக்குள் போய் வேலை செய்தது. புண்ணின் நாற்றம் குறைந்தது. காய்ச்சல் இறங்கியது.

"ஒண்ணே ஒண்ணு," என்று டாக்டர் தினமும் சொல்லுவார். "தண்ணி நிறையக் குடிக்கணும். செம்பு செம்பா குடிக்கணும்."

"சரிங்க டாக்டரய்யா" என்று தினமும் சொல்லுவேன்.

குடித்தால்தானே! குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் அந்தக் கருமம் வர வேண்டும். வார்டில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரிந்த கணக்கு. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. உதட்டை நனைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டில் ரசத்தை ஒதுக்குவார்கள், மோரை ஒதுக்குவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதும் இல்லை. தேருக்கோ கல்யாணத்துக்கோ வண்டி ஏறுமுன் தண்ணீர் குடிக்காமல் புறப்பட்டுப் பழகியவர்கள்தானே. பயணத்துக்குச் செய்ததை நோய்க்கும் செய்தோம்.

அண்ணி செம்பில் நிரப்பி வைக்கும் தண்ணீரை, அவள் தலை மறைந்ததும் ஜன்னலுக்கு வெளியே ஊற்றுவேன். அங்கே ஒரு செம்பருத்தி நின்றது. சுற்றியிருந்த செடியெல்லாம் கோடையில் கருகிக் கிடக்க, அது மட்டும் தளதளவென்று பூத்துக் குலுங்கியது.

முதலில் இடுப்புக்கு மேலே, முதுகின் இரு பக்கமும் கடுத்தது. படுக்கை வலி என்று நினைத்தேன். பிறகு நீர் குறைந்தது. குறைந்தது நல்லது என்றுதான் சந்தோஷப்பட்டேன், பாருங்களேன் புத்தியை! பிறகு சிவப்பாக வந்தது. பிறகு முகம் வீங்கியது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

டாக்டர் வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"குடிக்கிறேனுங்க."

"செம்பு செம்பா?"

"ஆமாங்க."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இந்த வெயில்லே தரை ஈரமா இருக்கே. மழை பெஞ்சுதா?" என்றார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு நீரடைப்புன்னு பேரு (சிறுநீர் இறங்காமல் நின்றுபோவது). நீங்க சாப்பிடற மாத்திரை தண்ணியோட போனாத்தான் கரைஞ்சு வெளியே போகும். தண்ணி இல்லேன்னா சிறுநீரகத்துக்குள்ளேயே உப்பு மாதிரி உறைஞ்சு அடைச்சுக்கும். இப்ப மாத்திரையை நிறுத்தினா கால் போயிடும். நிறுத்தாம, நீங்களும் குடிக்காம இருந்தா, ஆளே போயிடுவீங்க. காலையும் ஆளையும் சேர்த்துக் காப்பாத்தற மருந்து தண்ணிதான். ஏம்மா குடிக்க மாட்டேங்கறீங்க?"

அந்த நேரம் பார்த்து அஞ்சலை பாயில் கிடந்தவளிடமிருந்து பெட்பேனை எடுத்துக் கொட்டி, முக்கி, என் பக்கம் கொண்டு வந்தாள்.

"அதை ஒரு தடவை மோந்து பாருங்க டாக்டரய்யா" என்றேன்.

வாங்கிப் பார்த்தார். என் அழுகிய காலைச் சுளிக்காமல் பார்த்த மனுஷர் தாழ்வாரத்துக்கு ஓடினார். திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கமிட்டிகிட்டே கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சுப் போச்சும்மா. சீமையிலேருந்து வர்றது சண்டையாலே நின்னு போச்சு, இங்கேயே பித்தளையிலே செய்யச் சொல்லுங்கன்னுகூடச் சொல்லிட்டேன்" என்றார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பங்காளி கிழக்குச் சுவரில் ஸ்டூல் போட்டு ஏறினார். என் வீட்டுக்காரர் மேற்குச் சுவரில் ஏறினார். டாக்டர் வார்டுக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் பொதுவாகக் கேட்டார். இந்த அம்மாவுக்கு இன்றைக்கே தனியாக ஒரு பாத்திரம் வேண்டும், வார்டுக்குப் பத்துப் பன்னிரண்டாவது வேண்டும் என்றார்.

பங்காளி சாவியைத் திருகிக்கொண்டே சிரித்தார். "இன்னொரு கடியாரம் கேளுங்க டாக்டரே, நாளைக்கே வரும். எங்கப்பாரு பேரைப் போயி பீச்சட்டியில வெட்டச் சொல்றீங்களா?"

"பேர் போடாம குடுங்களேன்."

"பேரு போடாம குடுத்தா அதுக்குப் பேரு தருமமாங்க? எவன் குடுத்தான்னு எவனுக்குத் தெரியும்?"

என் வீட்டுக்காரர் மேற்குச் சுவரிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அவரு சொல்றது சரிதானுங்க."

பாகம் பிரித்த நாளிலிருந்து வரப்புக்கும் வாய்க்காலுக்கும் அடித்துக்கொண்ட இரண்டு பேர், அன்றைக்குத்தான் ஒரு வார்த்தையில் ஒத்துப்போனார்கள். வீங்கின முகத்தோடு நான் கிடக்கிறேன். என் தலைக்கு மேலே சாவி கிர் கிர் என்று திரும்புகிறது. எனக்குள் இருந்த அருவருப்பு எல்லாம் அந்தப் பாத்திரத்தை விட்டு இவர்கள் பக்கம் திரும்பியது.

"ஏங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உங்கப்பா பேரு என் தலைமாட்டுல இருக்கு. உங்கப்பா கடியாரம் என் கால்மாட்டுல இருக்கு. எனக்கு அடியில வைக்க ஒண்ணும் இல்லீங்களே. நான் செத்தா என் பேருக்கும் ஒரு கடியாரம் மாட்டுவீங்களா? த்தூ! இதுக்குப் பேரு தருமமா? மணி அடிச்சா மூத்திரம் வந்துடுமா?"

"நாலு பேரு முன்னால என்ன பேச்சு இது?" என்று அவர் ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய்விட்டார். பங்காளியும் பின்னாலேயே போனார்.

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அண்ணியிடம் கொடுத்தேன். "பரண்மேல என் சீர்ப் பாத்திரம் இருக்கு. பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு வாங்க. விளிம்பு ஒசந்து இருக்குமே, அது."

அண்ணி சாவிக்கொத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள். "அடியே, உன் தாலியை வச்சு எடுத்துட்டு வந்த தட்டுடி அது!"

"தாலி கட்டிக்கிட்டவ செத்துட்டா அந்தத் தட்டை வச்சு நாக்கு வழிக்கிறதா? போங்க அண்ணி, வண்டி கட்டிக்கிட்டுப் போங்க."

சாயங்காலம் தாம்பாளம் வந்தது. துணியை மடித்து விளிம்பில் சுற்றி, அண்ணியும் அஞ்சலையும் என்னைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். அதற்கு முன்பே நான் குடிக்க ஆரம்பித்திருந்தேன். டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு செம்பாக நீட்டினார். வயிறு உப்பியது. இறங்கவில்லை. மறுபடியும் குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன். அண்ணி பெருமாளுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டாள்.

விடிந்த பிறகு, பித்தளையில் முதல் சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. கல்யாணத்தன்று என் காது கேட்ட மேளம்கூட அவ்வளவு இனிக்கவில்லை. டாக்டர் தாம்பாளத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ச் சாய்த்துப் பார்த்தார். கழுநீர் மாதிரி கலங்கலாக, அடியில் பொடி மணலோடு இருந்தது. "அடைப்பு விடுது. குடிங்க, நிறுத்தாதீங்க" என்றார். விளிம்பில், என் கல்யாணத்துக்கு எங்கப்பா வெட்டச் சொன்ன எழுத்து: அலமேலு. அதற்கு முன்னால் என் பெயரை நான் அவ்வளவு கவனித்துப் படித்ததில்லை. வீட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, அண்ணியைத் தவிர.

நீரின் நிறம் நாளுக்கு நாள் தெளிந்தது. முகம் வற்றியது. மாத்திரையையும் நிறுத்தவில்லை. புண் அடியிலிருந்து சிவப்பாக, சுத்தமாக ஆற ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். அது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படியே திரும்பிப் போனார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. மேற்குச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. பங்காளிக்கு ஏக சந்தோஷம்.

ஒரு தாம்பாளம் எனக்குப் போதும். ஆனால் வார்டில் மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயில் கிடந்தவள் ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க குடிக்கிற மாதிரி நாங்களும் குடிக்கலாமா தாயி?" அன்றைக்கே அண்ணியிடம் சொல்லிக் கன்னார் ஒருவரை வரவழைத்தேன்.

அவர் பித்தளைப் பாத்திரம் செய்கிற நல்ல வேலைக்காரர். மாதிரிக்கு வைத்த பழைய பெட்பேனைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். என் சீர் அண்டா, தவலை, குடங்கள் எல்லாம் தாழ்வாரத்தில் இறங்கியிருந்தன.

"சீர்ப் பாத்திரத்தை அழிச்சு இதைச் செய்யறதா? எனக்குக் கை வராதுங்களே" என்றார்.

"கை வராட்டி ஒரு வாரம் இந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்க. தானா வரும்."

தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சரிங்க. பேரு வெட்ட வேணாமில்லீங்களா?"

"வேணும். எல்லாத்திலயும் வேணும். கண்ணுக்குத் தெரியற மாதிரி பெருசா வெட்டுங்க."

"ஏம்மா இப்படி?"

"பேரில்லாட்டி எவனாவது வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயி மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறப் போட்டுடுவான்."

அது நிஜம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. பெயர் போட்டால்தான் தருமம் என்றார்களே, போட்டுக் காட்டுகிறேன் என்ற வீம்பு. அப்பாக்களின் பெயர் இறங்க மறுத்த இடத்தில் ஒரு பெயர் இறங்கினால் ஊர் முழுகிவிடாது என்று தெரியட்டும்.

புதுப் பெட்பேன்கள் பளபளவென்று வந்தன. விளிம்பு விரல் மாதிரி உருண்டிருக்கும், தோலைக் கீறாது. டாக்டர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார், குழந்தை மாதிரி. ஆளுக்கு ஒன்று, ஒருத்தியுடையது இன்னொருத்திக்குப் போகக் கூடாது, போனால் கொதிக்க வைத்துத்தான் போக வேண்டும் என்று கட்டளை போட்டார்.

கொதிக்க வைக்க அண்டா? அடுத்த வெள்ளிக்கிழமை பங்காளியின் மனைவி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது என்பதால் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி முதுகைக் காட்டி நின்ற நேரத்தில், அவளோடு வந்த ஆள் ஒரு பெரிய செப்பு அண்டாவை என் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "என் பேரும் வெட்டித்தான் இருக்கு," என்று சுவரிடம் சொன்னாள். "கொதிக்க வைக்கிறதுக்கு ஆகும்."

அதற்கப்புறம் வரிசையாக வந்தன. எச்சில் துப்ப வெண்கலக் கிண்ணங்கள், கை கழுவக் குண்டான்கள், அஞ்சலைக்கு இரண்டு வாளி. எல்லாவற்றிலும் பெண்கள் பெயர். கண் உயரத்தில் இருக்கிற சாமானில் எல்லாம் ஆண்கள் பெயர், கட்டிலுக்குக் கீழே இருக்கிற சாமானில் எல்லாம் பெண்கள் பெயர். ஒரு கட்டில் சீதபேதி அடுத்த கட்டிலுக்குத் தாவுவது நின்றது. வார்டில் பெண்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். "இப்பத்தான் தாயி கை நாறாம சோறு திங்கிறேன்" என்றாள் அஞ்சலை. பாயில் கிடந்தவள் பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

நானும் ஒருநாள் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சாப்பிட உட்காரும்போது தண்ணீர்ச் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், என் பெயர் அதில் இருக்கிறதா என்று. எனக்குச் சிரிப்பு வரும், எரிச்சலும் வரும்.

சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, என் காலை ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரும் கூட வந்தார். கால் ஒரு விரற்கடை குட்டை. விந்தி விந்தித்தான் நடப்பேன். மழைக்கு முன்னால் எலும்பு எனக்குச் சொல்லிவிடும். டாக்டர் வரக் காத்துக்கொண்டு வார்டுக்குள் நின்றேன். மேற்குக் கடிகாரம் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தது. கிழக்கே உள்ளதும் என்றைக்கோ நின்றுபோயிருந்தது. வார்டில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

கோடியில், பாயில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்ப முடியாமல் கத்தினாள்: "அலமேலு! ஏ அலமேலு! அய்யோ, அலமேலுவைக் கொண்டாங்களேன், சீக்கிரம்!"

"இந்தா வரேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. வார்டில் அந்தப் பாத்திரத்துக்கு அதுதான் பெயர் ஆகியிருந்தது.

வாசலில் நின்ற என் வீட்டுக்காரரின் முகம் சிவந்தது. "யாரு அவ? கூலிக்காரி, உன் பேரைச் சொல்லிக் கத்தறா?" என்றார்.

அஞ்சலை கண்ணில் படவில்லை. சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்தேன். நன்றாகத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருந்தது. விந்தி விந்திப் போய், நல்ல காலை மடித்து, கெட்ட காலை நீட்டி, தரையில் உட்கார்ந்தேன். அவள் இடுப்பைத் தூக்கி அடியில் வைத்தேன். நாற்றம் அடித்தது. குமட்டவும் செய்தது. அது போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். குமட்டிக்கொண்டேதான் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அவள் உடம்பு இளகுவது என் கைக்குத் தெரிந்தது. என் உடம்பும் அப்படி இளகியது ஒரு காலை நேரத்தில்தான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. சுவரில் பார்த்துச் சொல்ல அங்கே மணி ஓடவில்லை. இப்போதெல்லாம் எனக்கு நேரம் என்பது தாகம் எடுப்பதும் அது தணிவதும்தான். எடுத்தால் குடிக்கிறேன், எங்கே இருந்தாலும், யார் இருந்தாலும்.

"ஏங்க," என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். "அந்தப் பானையிலேருந்து ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க."

அவர் தாழ்வாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மொண்டு கொண்டு வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

வாங்கி அவள் வாயில் வைத்தேன். அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"அப்படி இல்ல," என்றேன். "நல்லாக் குடி. அதான் நான் இருக்கேன்ல."